லிட்டருக்கு ஐம்பத்து நான்கு

அந்த ரத்தப் பரிசோதனை லேபில் நான் பதினொரு வருடமாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் பத்துப் பன்னிரண்டு வீடு. படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள், மாடிப்படி இறங்க முடியாதவர்கள், சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் மாதம் தவறாமல் ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள். நான் தெருமுனையில் காரை நிறுத்துவேன். சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார்.

சிஸ்டர் என்றாலும் அவர் நர்ஸ் இல்லை, லேப் டெக்னீஷியன். எல்லோரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். என்னைவிட மூன்று வயது இளையவர், நாற்பத்து மூன்று. நோயாளிகள் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்: வலிக்காதம்மா. நரம்பே தட்டுப்படாத கையில் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி ஒரு நொடி அப்படியே இருப்பார். அடுத்த நொடி டியூபில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும். ஊசி உள்ளே போனது கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் டாக்டரம்மா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லேபின் முதலாளி அவர்தான். பக்கத்தில் மேனேஜர் கையில் ஒரு தாளோடு நின்றார்.

"வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்கிறது மாசாமாசம் கையக் கடிக்குது. அடுத்த மாசத்துலேர்ந்து வாரத்துல மூணு நாள்தான். அதுவும் அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற வீடுங்க மட்டும். மத்தவங்க இங்க வந்துக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

என் வேலையில் பாதி போனது. ஆனாலும் பாதி வேலையாவது மிஞ்சுகிறதே என்று ஒரு ஓரத்தில் நிம்மதி.

சிஸ்டர் மட்டும் நகரவில்லை. "தூரத்துல நாப்பத்தி மூணு பேர் இருக்காங்க மேடம். அதுல எந்திரிச்சு நடக்கறவங்க ஒம்போது பேருதான்."

"எனக்குத் தெரியாதா? கார் குடிக்கிற பெட்ரோலுக்கு நான் எங்க போறது?"

"அப்ப கார் வேண்டாம். பின்னாடி ஷெட்ல பைக் ஒண்ணு சும்மா கிடக்குது. அதக் குடுங்க, நான் போறேன்."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பைக்லயா? குலுங்கிக் குலுங்கி ரத்தம் ஜூஸ் ஆயிடும். ஆமா, உங்களுக்கு முதல்ல பைக் ஓட்டத் தெரியுமா?"

"கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டியிருக்கேன். மிச்சத்தக் கத்துக்கறேன்."

டாக்டரம்மா மேனேஜரின் சிரிப்பைக் கையால் நிறுத்தினார். பிறகு, "மூணு வாரம் தரேன். காரும் ஓடட்டும், பைக்கும் ஓடட்டும். எது என்ன தின்னுதுன்னு எழுதிக் காட்டுங்க. வெறும் பெட்ரோல் மட்டும் இல்ல, எல்லாம்" என்றார்.

ஷெட்டில் கிடந்த பைக் முன்பு ரிப்போர்ட் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஓட்டியது. இரண்டு வருடமாகப் பழைய திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. தெருக்கோடி மெக்கானிக் வந்து பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு, பிளக், செயின், பேட்டரி, இரண்டு டயர் எல்லாம் மாற்றினார். நாலாவது உதையில் இருமிக்கொண்டு எழுந்தது. ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி சிஸ்டர் என்னைத்தான் கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வராது என்ற தைரியத்தில்தான் ஒத்துக்கொண்டேன். லேபுக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் காலி மைதானத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம். முதல் நாள் ஏழு முறை வண்டி நின்றுபோனது. எட்டாவது முறை அவர் இறங்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச் பிடியை மட்டும் அழுத்துவதும் விடுவதுமாக ஐந்து நிமிடம் நின்றார்.

"என்ன சிஸ்டர், கைக்கு எக்சர்சைஸா?"

"இல்லண்ணா. இது சிரிஞ்சோட பின்பக்கம் மாதிரிதான். எந்த இடத்துல பிடிக்குதுன்னு விரலுக்குத் தெரிஞ்சா போதும்."

அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டி ஒரு முறைகூட நிற்கவில்லை. நாலாவது நாள் எட்டுப் போட்டார், அடுத்த வாரம் லைசென்ஸும் வாங்கிவிட்டார். பத்து வருடம் ஓட்டியவர்கள்கூட ஆக்ஸிலேட்டரைத் துணி பிழிகிற மாதிரி முறுக்குவார்கள். இவர் கையில் அது திரும்புவதே தெரியாது. மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதே அந்தத் தைரியம் போய்விட்டது.

ரத்தம் குலுங்கும் என்று மேனேஜர் சொன்னதை அவர் சிரிப்போடு விட்டுவிடவில்லை. அதில் விஷயம் இருக்கிறது என்று எனக்கே விளக்கினார். அதிகம் குலுங்கினால் சிவப்பணுக்கள் உடையும். மெஷினில் சுற்றியதும் மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவந்துபோகும். ரிப்போர்ட் தப்பாக வரும். அதனால் கேரியரில் கட்டும் பெட்டிக்குள் மெத்தைப் பஞ்சை வெட்டி, ஒவ்வொரு டியூபும் நிற்க ஒரு குழி செய்தார். பக்கத்தில் ஐஸ் பாக்கெட். பிறகு தன் கையிலேயே இரண்டு டியூப் ரத்தம் எடுத்து, ஒன்றை என் காரில் அனுப்பினார், இன்னொன்றைப் பைக்கில் வைத்துக்கொண்டு அதே பாதையில் போய் வந்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சுற்றினார். மூன்று நாள் இதையே செய்தார்.

"இன்னும் எத்தன நாள் உங்க ரத்தத்தையே வீணாக்குவீங்க?" என்று கேட்டேன்.

"சரி, நாளைக்கு உங்களோடதக் குடுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாள் என் ரத்தம் இரண்டு வண்டியிலும் ஊர் சுற்றியது. எட்டு டியூபும் தெளிந்த மஞ்சள். எந்த எண்ணிலும் வித்தியாசமில்லை. மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று வாரச் சோதனை தொடங்கியது. ஊரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் சிஸ்டர் பைக்கில்; மறுபக்கம் நானும் புதிதாகச் சேர்ந்திருந்த டெக்னீஷியன் பெண்ணும் காரில். சோதனையில் பாதி நாட்கள் போனதும் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆளுக்குத் தினமும் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்.

அவர் அளக்கும் விதமே தனி. வேலை முடித்து நாலு மணிக்கு அதே பங்க், அதே பம்பு. வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, டேங்கின் கழுத்து வரை நிரப்பச் சொல்வார். நிரம்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் அன்று குடித்தது. கார் சாவியை என்னிடம் வாங்க மாட்டார். நானும் கூடவே போய் அதே மாதிரி நிரப்ப வேண்டும். பங்கில் இருந்தவர் எங்களைப் பார்த்ததுமே, "வந்துட்டாங்கப்பா, மருந்து மாதிரி அளந்து ஊத்தணும்" என்று சிரிப்பார்.

முதல் நாள் என் காருக்கு ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடித்தது. லிட்டருக்குப் பதினொன்றுகூட வரவில்லை. பைக்குக்கு ஒன்றே கால் லிட்டர். லிட்டருக்கு நாற்பத்தெட்டு.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவருக்கோ அந்த நாற்பத்தெட்டு போதவில்லை.

இரண்டாம் நாள் டயரில் காற்றைச் சரிபார்த்தார். மூன்றாம் நாள் செயினுக்கு எண்ணெய் விட்டார். வீடுகளின் வரிசையை மாற்றி எழுதி, போன வழியில் திரும்பி வராதபடி ஒரு வளையமாக ஆக்கினார். நாற்பது, நாற்பத்தைந்து வேகத்துக்கு மேல் போவதில்லை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் கையைத் தளர்த்திவிடுவார். வண்டி தானாக உருண்டு போய் நிற்கும்.

"பிரேக்கப் பிடிக்கும்போதெல்லாம் காசு குடுத்து வாங்கின பெட்ரோல ரோட்ல கொட்டுறோம்ணா" என்பார்.

நாலாம் நாள் ஐம்பத்து நான்கு வந்தது. அதற்கப்புறம் ஐம்பத்து மூன்றரை, ஐம்பத்து நான்கு, ஐம்பத்து நாலரை. ஆணி அடித்த மாதிரி அங்கேயே நின்றது. ஒரு இயந்திரம் ஒருவர் கைக்கு அப்படிப் படிந்து நான் பார்த்ததில்லை. காரில் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்துபோன சந்துகளில் பைக் வாசல்வரை போனது. பத்தரைக்கு முடித்துக்கொண்டிருந்தவர் ஒன்பதே காலுக்கு லேபில் இருந்தார்.

இதில் என்னால் தாங்க முடியாதது, அவர் எனக்கே யோசனை சொன்னதுதான்.

"அண்ணா, நீங்க ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஏ.சி.யப் போட்டுட்டு எஞ்சின ஓட விட்டுக்கிட்டே உக்காந்திருக்கீங்க. அத நிறுத்துங்க. பின் டயர்லயும் காத்து கம்மியா இருக்கு. உங்க நம்பரும் ஏறும்."

"என் வண்டிய எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றேன். தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அவர் சொல்லி நான் செய்வதா?

வீட்டில் என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தாள். "அந்தம்மா ஜெயிச்சா காரு எதுக்கு? காரு இல்லன்னா நீங்க எதுக்கு?"

அன்று முழுக்க அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள், சோதனையின் ஒன்பதாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குப் போனேன். பைக் டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூட ஒரு திருகு இருக்கும். அதிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றி அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் விட்டேன். இரண்டு நிமிட வேலை. குழாயை மாட்டிவிட்டு, பாட்டிலில் இருந்ததை என் காரில் ஊற்றினேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அப்போது என் மேலேயே ஒரு பெருமை வேறு.

சாயங்காலம் பங்கில் பைக்குக்கு ஒன்று புள்ளி ஆறு லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு முப்பத்தேழரை. என் கார் முதல் முறையாகப் பன்னிரண்டைத் தொட்டது.

சிஸ்டர் பம்பின் எண்ணை இரண்டு முறை பார்த்தார். என்னிடம், "நான்தான் இன்னைக்கு எங்கயோ அவசரப்பட்டு முறுக்கியிருக்கேன்" என்றார்.

பத்தாம் நாளும் அதையே செய்தேன். அன்றும் முப்பத்தேழரை.

பதினோராம் நாள் மத்தியானம் பாட்டிலோடு ஷெட்டுப் பக்கம் போனேன். அவர் அங்கே இருந்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை. சிமென்ட் தரையில் மண்டியிட்டு, கன்னம் ஏறக்குறைய எஞ்சினில் உரச, அந்தத் திருகை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வைத்திருந்தார், சொட்டு விழுகிறதா என்று பார்க்க. காற்று வடிகட்டியைக் கழற்றித் துடைத்து ஓரமாக வைத்திருந்தார். வெள்ளைக் கோட்டின் கையெல்லாம் கருப்பு.

என்னைப் பார்த்ததும், "அண்ணா, நல்ல வேளை வந்தீங்க. எங்கயோ கசியுது, எனக்குப் பிடிபட மாட்டேங்குது. நீங்க பதினோரு வருஷ ஆளு, கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நானும் குனிந்து பார்த்தேன். "தெரியல சிஸ்டர்" என்றேன். அவர் மனதில் என்னைப் பற்றித் துளி சந்தேகம் இல்லை. வண்டியைச் சந்தேகப்பட்டார், பங்கைச் சந்தேகப்பட்டார், தன் கையைச் சந்தேகப்பட்டார். என்னை இல்லை.

அன்றைக்கு நான் எடுக்கவில்லை. மறுபடி ஐம்பத்து நான்கு வந்தது. அதற்கு அவர் சந்தோஷப்படவில்லை. "தானா வந்த கோளாறு தானா போச்சுன்னா, எப்ப வேணா திரும்ப வருமே" என்று கவலைப்பட்டார்.

கடைசி வாரம் ஊரின் கோடிப் பக்கம் என் பங்காக வந்தது. அங்கே கடைசி வீட்டில் ஒரு பெரியவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் பழுது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். டெக்னீஷியன் பெண்ணுக்கு உதவியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். ஜன்னலோரம் இரும்புக் கட்டில். அதில் காகிதம் போலக் கிடந்தார்.

"டிக்கெட் எடுத்துட்டு ஏறினீங்களா?" என்றார் எங்களைப் பார்த்து. யார் போனாலும் அதைத்தான் கேட்பார்.

"எடுத்தாச்சு சார்."

"நம்ம வலிக்காதம்மா பைக்ல வருதாமே? போன தடவை சொல்லிச்சு. என் சர்வீஸ்ல அம்பது பேர ஏத்திக்கிட்டுப் போன பஸ்ஸு லிட்டருக்கு நாலு போகும். தலைக்குப் போட்டுப் பாத்தா அதான் சிக்கனம். உன் காரு எத்தன பேர ஏத்துது?"

"ரெண்டு பேர் சார்."

"ரெண்டு பேருக்கு ஒரு டன் இரும்பா!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு நிதானமானதும் கேட்டார்: "அடுத்த மாசம் யாரு வருவா? நீங்களா, அந்தம்மாவா?"

அடுத்த மாதம் யாரும் வராமலே போகலாம் என்று எனக்குத் தெரியும். அவர் வீடு பதினாலாவது கிலோமீட்டரில் இருந்தது. "யாராவது வருவாங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். முதல் முறையாக ஏ.சி.யைப் போடவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் டாக்டரம்மாவின் அறையில் கூடினோம். சிஸ்டர் தாளை விரித்து நிதானமாகப் படித்தார். பெட்ரோல் மட்டும் பார்த்தால் பைக்கின் செலவு காரின் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தனக்கு எதிரானதையும் அவரே வாசித்தார்.

"காருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தினா போதும் மேடம், மூணரை லிட்டர். பைக்குக்கு ஒரு தடவைக்கு ஒரு லிட்டர்தான், ஆனா மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும். ஆக ஆயில்ல பைக்குக்குத்தான் செலவு கூட. பைக் டயர் சீக்கிரம் தேயும், ஆனா ரெண்டுதான், விலையும் கம்மி. செயின் செட் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. மழைக்கோட்டு, ஹெல்மெட், கையுறை, எனக்கு விபத்துக் காப்பீடு. எல்லாம் சேத்தா அஞ்சுல ஒண்ணு இல்ல, நாலுல ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல வருது. கனமழையில பைக் வேண்டாம். அன்னைக்குக் கார்தான் சரி."

மேனேஜர் விரலால் இரண்டு கட்டங்களைத் தொட்டார். "இது என்ன? ஒம்போதாம் நாளும் பத்தாம் நாளும் முப்பத்தேழு?"

"காரணம் தெரியல சார். தேடிட்டேன், கிடைக்கல. வந்தத வந்தபடி எழுதியிருக்கேன்."

"அதான் நானும் சொல்றேன். பழைய வண்டி. இன்னைக்குக் கசியும், நாளைக்கு நடு ரோட்ல நிக்கும். உள்ள ரத்தம் சூடாகிட்டுக் கிடக்கும். பொறுப்பு யாரு எடுக்கறது?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார். "எனக்கும் ஆசைதாம்மா. ஆனா காரணம் தெரியாத கோளாற நம்பி நாப்பது நோயாளிய விட முடியாது. முதல்ல சொன்னபடியே..."

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அந்த ரெண்டு நாளும் மத்தியானம் பைக்லேர்ந்து பெட்ரோல் எடுத்தது நான்தான் மேடம். வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். டாக்டரம்மா குரலை உயர்த்தாமல் கேட்டார்: "எடுத்து என்ன பண்ணீங்க?"

"காருல ஊத்திட்டேன்."

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் சிஸ்டர் பென்சிலை எடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "எவ்வளவு?"

"அரை லிட்டர் பாட்டில். ரெண்டு நாளும் முழுசா."

அவர் எழுதினார். ஒன்று புள்ளி ஆறில் அரை கழித்தால் ஒன்று புள்ளி ஒன்று. அறுபதை அந்த எண்ணால் வகுத்தால் ஐம்பத்து நாலரை. காருக்கு அந்த அரையைக் கூட்டினார். பன்னிரண்டு இறங்கிப் பதினொன்றுக்குக் கீழே பழைய இடத்துக்கு வந்து நின்றது. இரண்டு நாளுக்கும் அப்படியே. தாளை டாக்டரம்மா பக்கம் திருப்பினார்.

"அவர் சொல்றது நெஜம் மேடம். ரெண்டு பக்கமும் சரியா உக்காருது."

நான் உண்மைதான் சொல்கிறேன் என்பதற்கு எனக்குச் சாட்சி சொன்னது நான் யாருக்குக் கெடுதல் செய்தேனோ அவர்தான். எனக்குத் தலை நிமிரவில்லை.

"ஆள வெச்சிருக்கறதா வேண்டாமான்னு இனி யோசிக்கவே வேண்டியதில்ல. பைக்னா டிரைவரே தேவையில்ல. பெட்ரோல விட அதான் பெரிய மிச்சம்" என்றார் மேனேஜர்.

டாக்டரம்மா, "சிஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"எனக்கு இப்பக் கோவமா இருக்கு மேடம். கோவத்துல சொல்றது சரியா இருக்காது. நாளைக்குச் சொல்றேன்." தாள்களை அடுக்கினார். கதவருகே வந்ததும் என்னைப் பார்த்தார். "ரெண்டு நாள் ஒரு பாவமும் பண்ணாத வண்டியத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு யாராவது நாலு அறை அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் என் உடைமைகளை எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தேன். காரின் பெட்டியில் ஒரு குடை, ஒரு துண்டு, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். சிஸ்டர் அங்கே இருந்தார். மேசைமேல் புதிய தாள்.

சிஸ்டர் சொன்னது இதுதான். காலை ஆறு மணிக்கு எடுத்த முதல் ரத்தம், கடைசி வீட்டை முடித்துத் திரும்பும்வரை பெட்டிக்குள்ளேயே காத்துக்கிடக்கிறது. சில பரிசோதனைகளுக்கு அந்தத் தாமதமே ஆபத்து. இன்னொரு பைக் வாங்கி, பாதி வழியில் ஒருவர் வந்து பெட்டியை மாற்றி வாங்கிக்கொண்டு போனால், ஏழே முக்காலுக்கே மெஷின் ஓடத் தொடங்கும். ரிப்போர்ட் மத்தியானத்துக்குள் கிடைக்கும். சிஸ்டர் திரும்பி வராமல் மேற்கொண்டு எட்டு வீடு பார்க்கலாம். அந்த எட்டு வீட்டின் வருமானத்தில் அந்த ஆளின் சம்பளமும் இரண்டாவது பைக்கின் பெட்ரோலும் அடங்கிவிடும். எழுதியே காட்டினார். காரை விற்க வேண்டாம். மழை நாளுக்கும், ஸ்கேனுக்குக் கூட்டிவர வேண்டிய நோயாளிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

"அந்த ஆளு யாரு?" என்றார் மேனேஜர், தெரிந்துகொண்டே.

"ஊர்ல எல்லாச் சந்தும் தெரிஞ்சவர். காரும் ஓட்டத் தெரியணும், பைக்கும் ஓட்டத் தெரியணும்." சிஸ்டர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அவருக்காகச் சொல்லல மேடம். வேற ஆளுக்கு வழி கத்துக்குடுக்கவே ரெண்டு மாசம் ஆகும்."

டாக்டரம்மா ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன்.

பிறகு தினமும் காலை ஏழரை மணிக்கு ஊரின் நடுவே தண்ணீர்த் தொட்டிக்கருகில் சந்திப்போம். அவர் பெட்டியைக் கொடுப்பார், நான் காலிப் பெட்டியைக் கொடுப்பேன். "ஒம்போது டியூப்" என்பார். "சரி சிஸ்டர்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அண்ணா என்ற வார்த்தை வரவில்லை. எனக்கும் கேட்க வாயில்லை. ஆனால் அவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து என் கையும் மெல்ல மாறியது. தூரத்திலேயே கையைத் தளர்த்தக் கற்றுக்கொண்டேன். என் பைக் முதல் மாதம் லிட்டருக்கு நாற்பத்தாறு கொடுத்தது, இரண்டாம் மாதம் ஐம்பது. ஐம்பத்து நான்கு எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

தூரத்து நாற்பத்து மூன்று பேரில் ஒருவரைக்கூட விடவில்லை. மூன்றாம் மாதம் அது அறுபதைத் தாண்டியது. வேறொரு லேபிலிருந்து ஆள் வந்து எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, சிஸ்டர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், தேய்ந்த டயரைக்கூடக் கழற்றிக் காட்டினார்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. ஒரு நாள் விடிகாலையிலேயே கொட்டோ கொட்டென்று கொட்டியது. தெருவில் கணுக்காலளவு தண்ணீர். நான் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது சிஸ்டர் மழைக்கோட்டில் சொட்டச் சொட்ட ஷெட்டுக்குள் நின்றிருந்தார். பைக்கை ஒரு முறை பார்த்தார், வானத்தை ஒரு முறை பார்த்தார். எப்படியும் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"இன்னைக்குக் கார எடுங்கண்ணா" என்றார்.

நான் சாவியை எடுக்க ஓடினேன். முன் இருக்கையில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் தண்ணீர் வாரி அடித்தது. வைப்பர் ஓடியது. ஈரக் காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார்.

"லிட்டருக்குப் பதினொண்ணு குடுத்தாலும் சரி. இந்த மழையில இது குடிக்கிற ஒவ்வொரு சொட்டுக்கும் வேலை செய்யுது" என்றார்.

"இப்பப் பதிமூணு குடுக்குது சிஸ்டர்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "நெஜமாவா? டேங்க நிரப்பித்தான் பாத்தீங்களா?"

"மூணு தடவை."

சிரித்துவிட்டார். பிறகு தாளைப் பார்த்து முதல் வீட்டின் முகவரியைச் சொன்னார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நான் மெல்ல முதல் கியரில் காரை நகர்த்தினேன்.